தைலம் தேய்த்த கை

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து வரியில் நிற்காமல் சரிந்து சரிந்து போகும். எந்த இடத்தில் எந்த ‘ன’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. இதைக் கணினியில் ஏற்றப்போகிற பிள்ளை எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆட்கள் அனுபவங்களைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, நெடுநாள் ஏமாற்றிக்கொண்டும் இருந்தேன்.

நான் உங்கள் ‘மூக்குக் குழு’வில் இருந்தவன். குடிநீர் நிலையத்தில் அப்படி ஒரு வேலை உண்டு என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆற்றுத் தண்ணீரில் அழுக்கையும் அமிலத்தையும் அளக்க இயந்திரம் வைத்திருக்கிறோம். ஆனால் வாடையை மனிதன் மோந்துதான் சொல்ல வேண்டும். செமினி, காஜாங் பக்கம் பட்டறைகளும் தொழிற்பேட்டைகளும் பெருகப் பெருக, ஆற்றில் ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது ஊற்றிவிட்டுப் போவதும் பெருகியது. அது மலையிலிருந்து கடல் வரைக்கும் போகிற ஆறு. நடுவில் நாம் வாய் வைத்து உறிஞ்சுகிறோம்.

என்னைக் குழுவில் சேர்த்ததற்கு என் மூக்கு அபூர்வமானது என்று காரணம் இல்லை. நான் அங்கே புல் வெட்டுகிறவனாக இருந்தேன். மூக்குக்கு ஆள் தேடியபோது, சிகரெட் பிடிக்காத, வெற்றிலை போடாத, வாசனை பூசாத ஆண் வேண்டும் என்றார்கள். ஆண்களில் நான் ஒருவன்தான் கிடைத்தேன்.

வேலை முறை உங்களுக்குத் தெரியும். ஐந்து பேர், ஐந்து தடுப்பு. சூடாக்கிய தண்ணீரைக் குடுவையில் தருவார்கள். மூடியைத் திறந்து மோந்து, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, செருமக் கூடக் கூடாது. மூன்று பேர் ‘உண்டு’ என்று எழுதினால் ஆற்றிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் கிள்ளான் வரைக்கும் குழாயில் காற்றுத்தான் வரும். அந்தச் சின்னத் தாளில் எழுதுகிற ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம். எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா, “உங்க ஆளுங்க ஏன் தண்ணிய அடைச்சாங்க?” என்று சண்டைக்கு வருவார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

இந்த வேலைக்காக என் வீடே வாடையில்லாத வீடாகிவிட்டது. முறை வரும் காலையில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது. என் மனைவி தலையில் மல்லிகை வைக்க மாட்டாள். அவள் பெயர் கமலா. “இவரு என்னைக் கட்டுனாரா, தண்ணியைக் கட்டுனாரான்னு தெரியல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது.

வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குப் போவாள். மத்தியான ஷிப்ட். அந்த இயந்திரங்கள் குடிக்கிற தண்ணீர் கொஞ்சமல்ல, அதுவும் எங்கள் நிலையத்துத் தண்ணீர். ஆனால் நோயாளிகள் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் குடிக்கக் கூடாது. தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு பாய் வருவார். ஒரு காலத்தில் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவருக்குச் சாயங்கால ஷிப்ட். மகன் வேலைக்குப் போகும் வழியில் முன்கூட்டியே இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஒரு பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொண்டு கமலாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுப்பார்.

“தங்கச்சி, உன் வூட்டுக்காரரு ஊருத் தண்ணியையெல்லாம் மோந்து பாக்குறாரு. நமக்கு ஒரு மொடக்குத் தர மாட்டேங்குறாரு பாரு” என்பார் பாய்.

“அவரு மோந்ததோட மிச்சத்தக் குடுத்தாக் கூடப் போதும் பாய்” என்பாள் இவள்.

நான் சொல்லப்போகும் காலையில் எனக்குக் குழு முறை இல்லை. விடியும் முன்னே கமலாவுக்குக் காலில் நரம்பு இழுத்தது. அந்த நோய்க்காரர்களுக்கு அது அடிக்கடி வரும், கெண்டைக்கால் கல்லாகிவிடும். முறை இருக்கும் நாட்களில் நான் தொடக் கூடாது. அவள் தானே குனிந்து தேய்த்துக்கொள்வாள், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அன்றைக்கு விடுமுறைதானே என்று, பிரிக்பீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த தைலத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றிக்கொண்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். இழுப்பு விட்டது. அவள் தூங்கினாள்.

அப்போதுதான் போன் வந்தது. குழுவில் ஒருவருக்குச் சளி பிடித்து மூக்கடைத்துவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்றார்கள். ஆற்றில் மேலே ஓரிடத்தில் மீன் மிதப்பதாகத் தகவல், சீக்கிரம் என்றார்கள். வாடையில்லாத சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கோப்பித் தூளை அள்ளிக் கசக்கி, மறுபடியும் கழுவினேன். மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தைலத்துக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த மூக்குக்குத் தைலம் தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்களில் யாருக்கும் இது நடக்கலாம்.

வாசலில் மிஸ் நின்றுகொண்டிருந்தார். ஆய்வுக்கூட அதிகாரி, என் மகள் வயதுதான் இருக்கும், எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும்: காலையில் தைலம் தொட்டேன், வேறு ஆள் பாருங்கள். சொல்லியிருந்தால் காஜாங்கில் குடியிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் அரை மணியில் வந்திருப்பார். மிஸ் மூன்று போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் தைலத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

குடுவையைத் திறந்தேன். சாயம் கரைக்கிற தின்னர் வாடை. லேசுதான், ஆனால் இருந்தது. அடியில் ஒரு இனிப்பு. மூடி வைத்துவிட்டு, சட்டைக் கையை மோந்து மூக்கை ஆற்றிக்கொண்டு, திரும்பத் திறந்தேன். இருந்தது. ‘உண்டு’ என்று எழுதி மடித்து வைத்தேன்.

மிஸ் வந்து தாளை எடுத்தார். குடுவையை எடுக்கும்போது அதன் கழுத்துப் பக்கம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. அவர் நின்றார். குடுவைக் கழுத்தை மோந்தார்.

“அண்ணே, தைலமா?”

நான் தலையாட்டினேன்.

“ஏண்ணே இப்படி?” என்றார். கோபப்படவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. “உங்க தாளை நான் எடுத்துக்க முடியாது. நான் உங்கள நம்புறேண்ணே. உங்க கையைத்தான் நம்ப முடியல.”

அவர் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தைலத்திலும் அந்த மாதிரி ஒரு காரம் உண்டு. நான் மோந்தது ஆற்றையா, என் கையையா என்று அன்றைக்கு என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் தாளைத் தள்ளிவிட்டதும் மீதி நாலு தாள். இரண்டு ‘உண்டு’, இரண்டு ‘இல்லை’. அப்படி வந்தால் புதுத் தண்ணீர் எடுத்து மத்தியானத்துக்கு மேல் மறுபடி மோந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதுவரை நிலையம் ஓடும். ஆற்றில் வந்தது வந்தபடி உள்ளே போகும்.

மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய் நின்றேன். அங்கே இருந்தே வானத்தைப் பார்த்து மோந்து பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. அறிவிப்பு வருவதற்கு முன் வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அது தெரிந்துதான் கமலாவைப் போனில் கூப்பிட்டேன்.

“இன்னிக்கு செண்டருக்குப் போகாத” என்றேன்.

“ஏன்?”

“தண்ணி சரியில்லன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா, தெரியுமா?”

“நெனைக்கிறேன்.”

“மூணு நாளு ஆச்சு நான் கடைசியா மெஷின்ல ஏறி. காலு யானைக்காலாட்டம் இருக்கு. போகலன்னா ராத்திரி எனக்கு மூச்சு முட்டும். அப்ப வந்து ஊதி விடுவீங்களா? நெனைக்கிறாராம்” என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டாள்.

போனால் குழாய்த் தண்ணீர், போகாவிட்டால் உடம்பில் தேங்கும் தண்ணீர் என்று அவள் பேச்சில் இருந்ததுதான் எனக்கு ஒரு வழியைக் காட்டியது. எங்களிடமிருந்து கிள்ளானுக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். இப்போது அங்கே குழாயில் இருப்பது நேற்று எடுத்த தண்ணீர். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வால்வை அடைத்துவிட்டால் மத்தியான ஷிப்டை ஓட்டிவிடலாம். மையத்தின் தலைமைத் தாதியைக் கூப்பிட்டேன்.

“சிஸ்டர், உங்க டேங்க் முழுசா இருக்கா?”

“பாதி இருக்கும்ணே. ஏன்?”

“இப்பவே ரொப்பிருங்க. ரொப்புனதும் வெளி வால்வ அடைச்சிருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

புத்திசாலிப் பெண். மறுபடி எதற்கென்று கேட்கவில்லை. “ரொப்புனா ஒரு ஷிப்டுக்குத்தான் வரும்ணே. ஈவினிங்காரங்களுக்கு நான் என்ன சொல்றது?”

மத்தியானத்தைத் தாண்டி நான் யோசிக்கவே இல்லை. “தெரியல சிஸ்டர்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அவரும் தன் வேலையைத்தான் செய்தார். சாயங்கால நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தண்ணீருக்குப் பிரச்சினை வரலாம், வேறு மையத்தில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அந்த வீடுகளில் யாரோ ஒருவர் நல்ல மனதோடு போனில் ஒரு குரல் பதிவு செய்து சொந்தபந்தங்களுக்கு அனுப்பினார். நான் கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அடுத்த மேசையில் அது ஓடியது.

“பிளான்ட்ல வேலை செய்யற அண்ணே ஒருத்தரு சொல்றாரு லா, தண்ணியில என்னமோ கலந்துட்டானுங்களாம். வாளி, தோம்பு, எல்லாத்துலயும் இப்பவே புடிச்சு வெச்சுக்குங்க. சொந்தக்காரங்களுக்கும் சொல்லுங்க.”

மேசையில் இருந்தவர்கள், எந்த அண்ணே அது என்று சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, “இவரா இருக்காது, இவருக்குப் பேசவே வராது” என்றார். எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிள்ளான் முழுக்கக் குழாய்களைத் திறந்தார்கள். ஊரே ஒரே நேரத்தில் பிடித்தால் ஊர்த் தொட்டிகள் எத்தனை நேரம் தாங்கும்? மத்தியானத்துக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் மறுபடி மோந்தார்கள். அதற்கு மூக்குக் குழுவே தேவைப்படவில்லை. வாசலில் நின்ற காவலாளியே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். நிலையத்தை மூடினார்கள். அதை மூடுவதற்கு முன்னமே கிள்ளானில் குழாய் இருமிக்கொண்டிருந்தது.

கமலாவின் ஷிப்ட் டேங்க் தண்ணீரில் நல்லபடியாக முடிந்தது. கால் வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தாள். சாயங்கால ஷிப்டுக்கு ஒரு சொட்டு இல்லை. மற்ற மையங்களில் இருந்த இடங்களை இளையவர்கள், சொந்தக் கார் உள்ளவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாய் வழக்கம்போல் முன்கூட்டியே வந்து, பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாராம். கமலா எழுந்து கிளம்பும்போது, “நீ போ தங்கச்சி, லோரியில தண்ணி வருதாம்” என்றாராம். லோரி மறுநாள் வந்தது. அதற்குள் அவரை மகன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். இரண்டாம் நாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த வாரம் அந்தச் சாயங்கால நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் நடந்த பிறகு கமலாவிடம் போன் செய்த கதை முழுவதையும் சொன்னேன்.

“அவரு முந்துன நாளு கெந்தூரி விருந்துக்குப் போயி பிரியாணி தின்னு, தேத்தண்ணியும் வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்தாரு. என்கிட்டயே சொன்னாரு. அதுலதான் போனாரு. நீங்க பெரிய எமனாட்டம் கணக்குப் போடாதீங்க” என்றாள்.

அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் பேசாமலிருந்தால் டேங்க் பாதியாகவே இருந்திருக்கும், கெட்ட தண்ணீர் கமலாவின் ஷிப்டிலேயே வந்து சேர்ந்திருக்கலாம். வாசலில் உண்மையைச் சொல்லியிருந்தால் காஜாங்காரர் மூன்றாவது ‘உண்டு’ எழுதியிருப்பார், காலையிலேயே நிலையத்தை மூடியிருப்பார்கள். ஊர் பதறும் முன்னே தொட்டிகளில் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும், மையங்களுக்கு முதலில் லோரி போயிருக்கும். எப்படிப் போட்டாலும் கணக்கு என் கைக்கே திரும்பி வருகிறது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. ஆற்றில் ஊற்றியது யார் என்பதற்கான விசாரணை என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தக் குரல் பதிவை ஓடவிட்டு, பிளான்ட்டில் வேலை செய்யும் அண்ணே யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். வாடையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சொல்லலாமா என்று மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேலை வேண்டும். என்னைக் குழுவிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஊற்றியவர்களைக் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. கால்வாய் ஓரத்தில் லோரிச் சக்கரத் தடம் இருந்ததாம், மழை பெய்து அழிந்துவிட்டதாம். வாடை பிற்பகலில் கண்டறியப்பட்டு உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பத்திரிகையில் வந்தது.

சில மாதம் கழித்து மிஸ் கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தார். வாங்கிக்கொண்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார். “இப்பல்லாம் வாசல்லயே எல்லார் கையையும் மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுறோம்ணே” என்றார். இத்தனைக்கும் பிறகு அந்த நிலையத்தில் மாறியது அது ஒன்றுதான். நல்ல மாற்றம். உங்கள் கையையும் மோந்து பார்ப்பார்கள். வருத்தப்படாதீர்கள்.

வயது வரும் முன்னமே ஓய்வு வாங்கிக்கொண்டேன். நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் ஒருவருக்குக் கால் இழுத்தால் தேய்த்துவிடுங்கள், மூக்கு கெட்டுவிடும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தேய்த்தால் வாசலில் சொல்லிவிட்டு வெளியே உட்காருங்கள். எல்லோரும் அவசரத்தில் இருக்கும் நேரத்தில்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். வெளியே யாருக்காவது போன் செய்யத்தான் வேண்டும் என்று வந்தால், உங்களுக்கு வேண்டியவரின் ஷிப்டுக்கு அடுத்த ஷிப்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேட்டாலும் பதில் கிடைக்காது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள்.

கமலா இன்னும் மத்தியான ஷிப்டுக்குத்தான் போகிறாள். இப்போது பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி அவளே கொண்டுபோகிறாள். இரவில் நான் அவள் காலைத் தேய்த்துவிடுகிறேன். தடுக்க யாருமில்லை, என் மூக்கு யாருக்கும் வேண்டாம். இதை எழுதும்போதும் இடையில் இரண்டு முறை எழுந்துபோய்த் தேய்த்துவிட்டு வந்தேன். கையைக் கழுவவில்லை. இந்தத் தாள்களில் தைல வாடை இருக்கும். வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான்,
தைப்பூசத்துக்கு மறுநாள், காலை.